தரமும் டன்னும்

தரம் என்ற சொல்லை நம் விமர்சகர்கள் அளவுக்கு மீறிப் புழங்கிவிட்டார்கள். க.நா.சு. பட்டியல் போட்ட நாளிலிருந்து இந்தச் சொல் தலைகாட்டாத சிறு பத்திரிகை இதழ் அபூர்வம். தரமானது, தரமற்றது, தரம் குறைந்தது என்று தீர்ப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் தரம் என்பதை எதனால் பெருக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கும் இந்தக் கேள்வி இலக்கியத்திலிருந்து வரவில்லை. ஒரு சிறு தங்கச் சுரங்கத்தின் காலாண்டு அறிக்கையிலிருந்து வந்தது.

சுரங்கக்காரர்களுக்கும் தரம் என்ற சொல் உண்டு. ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம் என்பது தரம். அவர்கள் அதைத் தனியாக உச்சரிப்பதில்லை. தரம் பெருக்கல் அரைத்த டன் பெருக்கல் மீட்பு, இதுதான் உற்பத்தி. மீட்பு என்பது பாறையில் இருந்த தங்கத்தில் சயனைடு கரைத்து வெளியே கொண்டுவந்த பங்கு. 90 சதவீதம் என்றால் நல்ல மீட்பு. மீதி 10 பங்கு கழிவோடு போய்விடும். 1 லட்சம் டன் பாறை, டன்னுக்கு 3 கிராம், 90 சதவீத மீட்பு என்றால் 270 கிலோ தங்கம். ஒரு சிறு சுரங்கத்தின் கணக்கு இவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையன் போட்டுவிடுவான்.

இந்த 270 கிலோ இன்னொரு வழியிலும் கிடைக்கும் என்பதில்தான் சூட்சுமம். 75,000 டன் பாறையை டன்னுக்கு 4 கிராம் தரத்தில் அரைத்தாலும் அதே 270 கிலோ. அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டும் ஒன்றே. தலைவரின் உரையிலும் ஒன்றே. ஆனால் அந்தச் சுரங்கத்தின் மொத்த இருப்பின் சராசரித் தரமே 3 கிராம்தான் என்றால், 4 கிராமில் அரைத்த காலாண்டு வேறு சங்கதி. பாலில் ஏட்டை மட்டும் வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஏடு போன பாலைத்தான் வரும் காலாண்டுகள் குடிக்க வேண்டும். அனுபவமுள்ள பங்குதாரர் உற்பத்தி ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்ப்பதில்லை. எந்தக் காரணியால் ஏறியது என்று பார்க்கிறார். அரைத்த டன் குறைந்து தரம் ஏறினால் சந்தேகப்படுகிறார். புதுச் சுரங்கப் பாதை வெட்டுவதற்கான செலவு இந்த முறை ஏன் இத்தனை குறைவு என்று கேட்கிறார். வெட்டாத பாதை இன்றைய லாபம். இரண்டு வருஷம் கழித்து அதுவே பாறை இல்லாத ஆலை.

சிறு சுரங்கத்தில் இந்தச் சந்தேகம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிக்குப் பத்துச் சுரங்கங்கள் இருக்கும்; ஒன்று சரிந்தால் மற்றது தாங்கும். சிறியதற்கு ஒரே ஆலை, ஒரே தாது ரேகை. ஒரு மழைக்காலம், ஒரு அரைக்கும் யந்திரத்தின் பழுது, எதிர்பார்த்த இடத்தில் ரேகை மெலிந்துபோவது, எல்லாமே அந்தக் காலாண்டின் எண்ணில் நேராக வந்து விழும். நிர்வாகம் மழையைக் காரணம் சொல்லும். மழை பெய்ததா என்பது பங்குதாரருக்குப் பிரச்னை இல்லை. மழையால் குறைய வேண்டியது டன். குறைந்திருப்பது தரம் என்றால் மழை எப்படிப் பாறைக்குள் போய்த் தங்கத்தைக் குறைத்தது என்பதுதான் அவர் கேள்வி.

இது ஏதோ லண்டனிலும் டொராண்டோவிலும் படித்துக்கொண்டு வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். திருப்பத்தூர் பஜாரில் எந்த நகைக் கடையிலும் இதைப் பார்க்கலாம். மகளுக்கு வளையல் வாங்க மலையடிவாரத்திலிருந்து வந்த அம்மாள் பில்லைக் கையில் வாங்கினால் முதலில் எடையைப் பார்க்கமாட்டாள். சேதாரம் எவ்வளவு போட்டிருக்கிறான், செய்கூலி எவ்வளவு என்று பார்ப்பாள். கூலி இல்லை என்று பலகை மாட்டியிருந்தால் சேதாரத்தை இன்னொரு முறை பார்ப்பாள். கம்பெனி அறிக்கையில் மீட்பில் விடுபட்டது சேதாரம். ஒரு அவுன்சுக்கு ஆன செலவு செய்கூலி. 2013இல் உலகத் தங்கக் கவுன்சில், சுரங்கத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கான செலவுகளையும் சேர்த்து அவுன்சுக்கு ஒரே எண்ணாகச் சொல்லும் முறையை வெளியிட்டது. அதுவரை பல கம்பெனிகள் தோண்டி அரைக்கும் செலவை மட்டும் சொல்லிவிட்டு, பாதை வெட்டுவதையும் தலைமையக நிர்வாகத்தையும் வேறு பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தன. கூலி இல்லை என்ற பலகைதான் அது.

நான் இந்த அறிக்கைகளைப் படிக்க நேர்ந்தது ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரால். எண்பது வயதைத் தாண்டியவர். ஜவ்வாது மலையடிவாரக் கிராமங்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் தபால் கொண்டுபோனவர். அவருடைய மகன் அவர் பேரில் ஒரு சிறு தங்கக் கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கிலீஷ் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். கூடவே ஒரு நீளமான கணக்கு நோட்டு. தேதி, டன், கிராம், மீட்பு, கிலோ, செலவு என்று கட்டம் கட்டி எழுதிவைத்திருக்கிறார். தபாலாபீஸ் கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது.

“கிலோ ஏறியிருக்கு சார், சந்தோஷம்தானே” என்றேன் ஒருமுறை.

“கிலோவை வுடு தம்பி. டன் எங்க போச்சு? ஆலை அதே ஆலைதானே? கம்மியா அரைச்சிட்டு ஜாஸ்தி எடுத்தேன்றான். அப்ப நல்ல எடமாப் பாத்து நோண்டிட்டான். மிச்சத்த யார் நோண்டுவா?”

அவருக்கு யாரும் சுரங்கப் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் சுரங்கம் அவருக்குப் புதிதும் அல்ல. அவர் முப்பது வருஷம் சுமந்தது பெரும்பாலும் மணியார்டர்கள். அவற்றில் பாதி கோலார் தங்கவயலிலிருந்து வந்தவை.

இந்த ஊரில் நின்றுகொண்டு தங்கச் சுரங்கத்தைப் பற்றி யோசிப்பதற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. ஜவ்வாது மலையில் தங்கம் கிடையாது. ஆனால் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாலுகாக்களிலிருந்து, அன்றைய வட ஆற்காடு ஜில்லா முழுவதிலிருந்தும், மூன்று தலைமுறை ஆண்கள் தங்கவயலுக்குப் போனார்கள். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, குப்பம் வழியாக பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் கிளைப் பாதையில் சுரங்க வாசலுக்கே போய்விடலாம். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரிகளைச் சேர்ந்தவர்கள். நிலமில்லாதவர்கள்; இருந்த வேலையில் கூலி என்பதைத் தானியமாகவும் அவமானமாகவும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். என் தாத்தா அப்படிப் போனவர். அவர் மைன்ஸுக்குப் போனார் என்றுதான் ஆயா சொல்வாள். கோலார் என்றோ தங்கம் என்றோ அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சுரங்கத்தின் கதையும் பங்குதாரர்களின் சந்தேகத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1879ஐ ஒட்டி இன்றைய நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கப் பித்து பிடித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்க அதிகாரியாக இருந்த ப்ரஃப் ஸ்மித்தை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். அறிக்கை நம்பிக்கையாக இருந்தது. அடுத்த ஓரிரு வருஷத்தில் பெரும்பாலும் லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. காகிதத்தில் மூலதனம் பல லட்சம் பவுன். இலைநோயில் செத்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்களைத் துரைமார்கள் தங்க நிலம் என்று நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்கள். திரட்டிய பணத்தில் பெரும்பங்கு அந்த நிலங்களை வாங்குவதிலேயே போயிற்று. சில வருஷங்களில் எல்லாம் முடிந்தது. தேவாலாவில் காட்டுக்குள் துருப்பிடித்த யந்திரங்கள் மிஞ்சின. தங்கம் அங்கே இல்லாமல் இல்லை. டன்னுக்கு அதன் தரம், அரைக்கும் செலவுக்குக் காணாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் யாரும் அரைத்துப் பார்க்கும் முன்பே பங்கை வாங்கிவிட்டார்கள்.

அதே பித்தின் இன்னொரு கிளைதான் கோலார். நியூஸிலாந்து யுத்தத்திலிருந்து திரும்பி பெங்களூரில் ஓய்வில் இருந்த லாவெல் என்ற ஐரிஷ்காரர் 1875இல் மைசூர் அரசிடம் உரிமை வாங்கினார். கைமாறி, 1880இல் மைசூர்ச் சுரங்கக் கம்பெனி லண்டனில் பதிவாயிற்று. நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். முதல் சில வருஷங்கள் பணம் பாறையில் போயிற்று, தங்கம் வரவில்லை. வயநாட்டில் கையைச் சுட்டுக்கொண்ட லண்டன் பங்குதாரர்கள், மிச்சமிருப்பதையாவது திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைக் கட்டுங்கள் என்று சொல்லும் நிலை வந்தது. கடைசியாக இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. 1883இல் வந்த காப்டன் பிளம்மர், பழங்காலத்தவர் தோண்டிவிட்டுப்போன குழிகள் எங்கே ஆழமாக இருக்கின்றன என்று பார்த்து அவற்றுக்குக் கீழே இறங்கினார். சாம்பியன் ரேகை அகப்பட்டது. யாரோ பெயர் தெரியாதவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் தீயும் கல்லும் வைத்து அந்தப் பாறையை வாசித்திருந்தார்கள். பிளம்மர் அவர்கள் வாசிப்பை வாசித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பங்குதாரர்களின் சந்தேகம் தவறு என்று இந்தக் கதையிலிருந்து முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. பொறுமையாக இருந்தால் தங்கம் கிடைக்கும் என்று நீதி சொல்லுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பொறுமையாக இருந்து எல்லாவற்றையும் இழந்தவர்களின் கூட்டம் வயநாட்டில் இருந்தது. அவர்களுடைய கதையை யாரும் சொல்வதில்லை. 1997இல் கனடாவின் ப்ரீ-எக்ஸ் கம்பெனி விவகாரத்தையும் நினைத்துக்கொள்ளலாம். இந்தோனேஷியாவில் புசாங் என்ற இடத்தில் உலகத்தின் மிகப் பெரிய தங்க இருப்பு என்றார்கள். கம்பெனியின் சந்தை மதிப்பு கோடி கோடியாக ஏறிற்று. துளையிட்டு எடுத்த பாறைத் தூளில் வெளியிலிருந்து தங்கத்தூளைக் கலந்திருக்கிறார்கள் என்று கடைசியில் தெரிந்தது. அங்கே விற்கத்தக்க தங்கமே இல்லை. அதற்குப் பிறகுதான் கனடா 2001இல், தகுதிபெற்ற நிபுணர் கையெழுத்துப் போடாமல் இருப்பு எண் எதையும் வெளியிடக்கூடாது என்று விதி செய்தது. சந்தேகப்படுவது பங்குதாரனின் தர்மம் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதமில்லை. சந்தேகம் எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதில்தான்.

தங்கவயலின் தரம் ஆரம்ப காலத்தில் டன்னுக்கு 47 கிராம் வரை இருந்தது. நம் கணக்கில் ஒரு டன் பாறைக்கு ஏறக்குறைய 6 பவுன். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1905ஐ ஒட்டி உற்பத்தி ஆண்டுக்கு ஆறு லட்சம் அவுன்ஸ் என்ற உச்சியைத் தொட்டது. அதற்குப் பிறகு இறக்கம்தான், நிதானமான, கணக்கு வைக்கப்பட்ட இறக்கம். ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. பாறையின் சூடு ஏறியது, செலவு ஏறியது, தரம் இறங்கியது. 1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உண்டாயிற்று. பங்குதாரர் லண்டனிலிருந்து டெல்லிக்கு மாறினார். கேள்விகள் மாறவில்லை. ஒரு கிராம் எடுக்க எத்தனை ரூபாய் ஆகிறது, ஒரு கிராம் விற்க எத்தனை ரூபாய் வருகிறது? கடைசிக் காலத்தில் தரம் 3 கிராம் சுமாருக்கு வந்துவிட்டது. டன்னுக்கு அரைப் பவுன்கூட இல்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். குப்பத்துக்குப் பக்கத்தில் சிகரகுண்டாவில் அதே நிறுவனத்துக்கு இருந்த சிறு சுரங்கமும் கூடவே போயிற்று.

மூடிய வருஷத்தில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்சுக்கு 300 டாலருக்கும் கீழே. இருபது வருஷத்து வீழ்ச்சியின் அடித்தட்டு அது. 2008இல் 1000 டாலர், 2020இல் 2000 டாலர், 2025 அக்டோபரில் 4000 டாலரைத் தாண்டியது. இதை வைத்து யாரையும் குற்றம் சொல்வது சுலபம், நியாயம் இல்லை. நாளைய விலை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நான் கவனிப்பது வேறு. நிறுவனத்தின் கணக்கு அன்றைய தேதியில் சரியான கணக்குதான். சரியான கணக்கு ஒரு ஊரை மூடும் முடிவுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கணக்கில் ஊர் என்ற பத்தியே இல்லை.

முதலீட்டாளர் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முதலை இடுகிறவர். லண்டன் பங்குதாரர் பவுனை இட்டார். ஜவ்வாது மலையடிவாரத்துக் குடும்பம் ஒரு ஆளை இட்டது. இருந்ததே ஒரு முதல், அதைத்தான் இட்டது. பங்குப் பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர் கிடையாது. ஆனாலும் அதற்கும் காலாண்டு அறிக்கை வந்துகொண்டிருந்தது. மாதா மாதம் வந்தது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த மணியார்டர்தான் அது.

அதை அவர்கள் எப்படிப் பரிசோதித்தார்கள் என்று தபால்காரர் சொல்லியிருக்கிறார். படிக்கத் தெரியாத பெண்கள். முதலில் தொகையைக் கேட்பார்கள். போன மாதத்தைவிடக் கம்மி என்றால், ஏன் என்று அவரைத்தான் கேட்பார்கள். பாரத்தின் அடிக் கூப்பனில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். “சௌக்கியம்” என்று எழுதியிருப்பான். அந்தச் சௌக்கியம் யார் கையெழுத்து என்று கேட்பார்கள். அவனே எழுதியதா, வேறு யாராவது எழுதிக் கொடுத்ததா? போன தடவை எழுதிய அதே கைதானா? கை மாறியிருந்தால் முகம் மாறிவிடும். தொகை ஏறியிருந்தாலும் பயப்படுகிறவர்கள் இருந்தார்களாம். கூடுதல் ஷிப்டு இறங்குகிறானோ என்று.

லண்டனில் அன்று எந்தப் பங்குதாரரும் இவ்வளவு நுட்பமாக அறிக்கை படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. உற்பத்தி ஏறினால் எதிலிருந்து ஏறியது என்ற கேள்வியை அந்தப் பெண்கள் கடைசி வரைக்கும் கேட்டார்கள். பாறையிலிருந்தா, ஆளிலிருந்தா?

ஆளிலிருந்து என்பதற்குப் பொதுப் பதிவுகள் இருக்கின்றன. சிலிக்கா தூசியால் நுரையீரல் கல்லாகிப்போகும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது தங்கவயலில்தான், 1934இல். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. சுரங்கத்தின் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறுவது அடிக்கடி நடந்தது. பாரத்தைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்டுவைத்த தாதுத் தூண்களைப் பிற்பாடு வெட்டியெடுப்பது சுரங்கத் தொழிலிலேயே ஆபத்தான வேலைகளில் ஒன்று. தூணில் இருக்கும் தங்கமும் அறிக்கையில் கிலோ கணக்கில்தான் வரும். தூணிலிருந்து வந்தது என்று எண்ணுக்கு மேல் குறி போட்டிருக்காது. சேதாரம் என்றால் இதுதான் சேதாரம். நகைக்கடை அம்மாளைப் போல இந்த வரியை யாரும் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

ஆளை நிர்வாகம் கவனிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நன்றாகவே கவனித்தார்கள், திருடுவான் என்று. 1897இல் மைசூர் சமஸ்தானத்தில் சுரங்கச் சட்டம் வந்ததற்கு முக்கியக் காரணம் தங்கத் திருட்டு. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதியும் முறையைக் கொண்டுவந்தபோது சுரங்கம் முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு கிராம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளப் பத்தி இருந்தது. ஒரு மனிதனின் மூச்சு எத்தனை வருஷத்தில் எவ்வளவு குறைகிறது என்பதற்குப் பத்தி வரப் பல காலம் பிடித்தது.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் இது வெறும் புலம்பலாக ஆகிவிடும். தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புலம்பலில் முடிக்கிறார்கள். போனவர்கள் ஏன் போனார்கள், போய் என்ன செய்தார்கள் என்பதை அது மறைத்துவிடும். கிராமத்தில் தெருவுக்குள் செருப்புப் போட முடியாதவன் அங்கே ஒரு நம்பர் உள்ள தொழிலாளி. கூலி காசாகக் கையில் வந்தது. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் ஆரம்பித்த தமிழன் பத்திரிகை அவர் மறைவுக்குப் பிறகு தடுமாறி நின்றுபோய், 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க மறுபடி வந்தது. சித்தார்த்தா அச்சகத்திலிருந்து புத்தகங்கள் வந்தன. திருப்பத்தூரில் ஏ.பி. பெரியசாமிப் புலவர் அதே மரபில் பௌத்தமும் தமிழும் எழுதிக்கொண்டிருந்தார். தங்கம் போன ரயில் பாதையிலேயே இந்தக் காகிதமும் போய்வந்திருக்க வேண்டும்.

நம் இலக்கிய வட்டத்தில் சிறு பத்திரிகையின் சரித்திரம் என்றால் மணிக்கொடியில் ஆரம்பிப்பதுதான் சம்பிரதாயம். மணிக்கொடி 1933. அதற்கு ஏழு வருஷம் முன்பே சுரங்கத் தொழிலாளர்களின் காசில், சுரங்க லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜான் டெய்லர் கம்பெனியின் உற்பத்தியில் அது வராது. நம் தரப் பட்டியல்களிலும் அது வரவில்லை. இரண்டு கணக்குப்பிள்ளைகளும் அதை ஒரே மாதிரி விட்டுவிட்டார்கள் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேருக்கும் எது தாது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

எது தாது என்பது பாறையின் குணம் அல்ல என்று சுரங்கக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு டன்னில் இத்தனை கிராமுக்குக் கீழே இருந்தால் அரைப்பது நஷ்டம் என்று ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருப்பது தாது, கீழே இருப்பது மண். தங்கத்தின் விலை ஏறினால் கோடு இறங்கும்; நேற்றைய மண் இன்றைக்குத் தாது. தங்கவயலில் 120 வருஷத்தில் அரைத்த பாறை சுமார் 5 கோடி டன், கிடைத்த தங்கம் சுமார் 800 டன். அரைத்துத் துப்பிய தூளில் பெரும்பகுதி இன்னும் அங்கே குன்று குன்றாக நிற்கிறது. சயனைடு மலை என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். காற்றடித்தால் அந்தத் தூள்தான் வீடுகளுக்குள் வரும். அதில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் மிச்சம் இருக்கிறது. இன்றைய விலையில் அது தாது. அந்தக் குன்றுகளை மறுபடி அரைப்பதற்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

எடுக்க வருகிற கம்பெனிக்குப் பங்குதாரர்கள் இருப்பார்கள். அவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை டன்னையும் தரத்தையும் மீட்பையும் கேட்பார்கள். கேட்கட்டும். சரியாகக் கேட்டால் போதும் என்றுகூடத் தோன்றுகிறது. கருணையை அறிக்கையில் சேர்க்கச் சொல்லி நான் மன்றாடவில்லை. நிர்வாகத்திடம் அவர்கள் ஏற்கெனவே கேட்கிற கேள்வியே போதுமானது: இந்த உற்பத்தி எதிலிருந்து வந்தது? ஏட்டை வழித்தாயா, பாதை வெட்டாமல் விட்டாயா, தூணை எடுத்தாயா? இந்தக் கேள்வியைப் பாறையோடு நிறுத்தாமல் ஆள் வரைக்கும், ஊரின் காற்று வரைக்கும் கொண்டுபோக வேண்டும். தபால்காரரின் நோட்டில் அதற்கு இடம் இருக்கிறது. செலவுப் பத்திக்கு அப்பால் ஒரு பத்தியைக் கட்டம் கட்டி, தலைப்பு எழுதாமல் விட்டு வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். “விபத்து, சாவு. அவன் எங்கயாவது கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போடுவான். தேடிப்பாத்து சொல்லு” என்றார். அதற்குப் பிறகு நான் அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

இலக்கியத்துக்கு வருகிறேன். ஒரு கவிஞனின் முதல் தொகுப்பு 47 கிராம், ஐந்தாவது தொகுப்பு 3 கிராம் என்று சொல்லிவிட்டுப் போவதை நாம் விமர்சனம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த முதல் தொகுப்பு எதிலிருந்து வந்தது, அவனுக்கு முன்னால் பெயர் தெரியாத யார் தோண்டிய குழிக்குக் கீழே அவன் இறங்கினான், எந்தத் தூணை எடுத்து அந்த 47 கிராமைக் காட்டினான் என்று கேட்பதில்லை. 3 கிராம் பாறையை வருஷக்கணக்காக விடாமல் அரைத்துக்கொண்டிருப்பவனுடைய உழைப்புக்கு நம்மிடம் சொல் கிடையாது. கோட்டை யார் கிழித்தார்கள், என்ன விலைக்குக் கிழித்தார்கள் என்றும் கேட்பதில்லை. முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். யாரோ ஒருவர் சம்பளத்திலிருந்து, யாரோ ஒருவர் மனைவியின் நகையிலிருந்து, சேட்டுக் கடை ரசீதிலிருந்துதான் நம் தரம் இதுவரை வந்திருக்கிறது. அந்தப் பத்தியையும் கட்டம் கட்டி எழுதிவைக்கலாம்.